குடும்பத்திற்கு ஒரு பல் மருத்துவர்: தேர்ந்தெடுப்பதும் ஓர் அமானிதமே

(கொரட்டூரில் நமது பள்ளிவாசலில் ஜமாஅத்தார் முன்னிலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால் தொடங்குகிறோம். எல்லாப் புகழும் அகிலங்களின் இரட்சகனுக்கே உரித்தாகுக. ஸலவாத்தும் ஸலாமும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாகட்டுமாக.



பள்ளிவாசலில் பல் மருத்துவரைப் பற்றிப் பேச வேண்டிய தேவை என்ன என்று சிலர் நினைக்கக்கூடும். நமது மார்க்கத்தில் வாயின் தூய்மைக்கு இருக்கும் இடத்தை எண்ணிப் பார்த்தால் இக்கேள்வி எழாது. நாள்தோறும் வுளூச் செய்யும்போது வாய் கொப்பளிக்கிறோம். அந்த வாயினால்தான் இறைவேதத்தை ஓதுகிறோம். சமுதாயத்திற்குச் சிரமமாகிவிடும் என்ற அச்சம் இல்லாதிருந்தால் ஒவ்வொரு தொழுகையின்போதும் மிஸ்வாக்கைக் கட்டாயமாக்கியிருப்பேன் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் சொன்ன ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. அவர்கள் இவ்வுலகைப் பிரியும் தறுவாயில், அப்துர் ரஹ்மான் இப்னு அபீபக்ர் (ரலி) அவர்களின் கையிலிருந்த மிஸ்வாக்கை நோக்கியதும், அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அதனை மென்று பதப்படுத்திக் கொடுத்ததும் நாம் அறிந்த வரலாறே. உயிர் பிரியும் வேளையிலும் பல் துலக்கிய பெருமானாரின் உம்மத்தினர், பல்லைக் கவனிக்காமல் விட்டு, வீங்கிய கன்னத்துடன் நள்ளிரவில் மருந்துக்கடையைத் தேடி அலைவது பொருத்தமன்று.

மிஸ்வாக் நோயைத் தடுக்கும். வந்துவிட்ட நோய்க்கு மருத்துவர் வேண்டும். அந்த மருத்துவரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதுதான் நமது இன்றைய பேச்சு.

மருத்துவரைத் தேர்வதில் நபிவழி

இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் ஒரு செய்தி இடம்பெற்றுள்ளது. நாயகம் (ஸல்) அவர்களின் காலத்தில் ஒருவர் காயமுற்று, காயத்தில் இரத்தம் கட்டிக்கொண்டது. அவருக்கு மருத்துவம் செய்ய இருவர் அழைக்கப்பட்டார்கள். அவ்விருவரையும் பார்த்த நாயகம் (ஸல்) அவர்கள், உங்களில் மருத்துவத்தில் அதிகத் தேர்ச்சி உடையவர் யார் என்ற கருத்தில் வினவினார்கள். மருத்துவத்தில் நன்மை இருக்கிறதா என்று அவர்கள் திருப்பிக் கேட்டபோது, நோயை இறக்கியவனே மருந்தையும் இறக்கினான் என்று விளக்கம் அளித்தார்கள்.

அன்பர்களே! இதில் நமக்கு இரண்டு பாடங்கள் உள்ளன. மருத்துவம் செய்துகொள்வது தவக்குலுக்கு முரணானதன்று என்பது முதலாவது. மருத்துவர் இருவர் இருந்தால், யார் சிறந்தவர் என்று விசாரித்துத் தேர்வது சுன்னத்தான நடைமுறை என்பது இரண்டாவது. முதல் பாடத்தை நாம் அனைவரும் ஒப்புக்கொள்கிறோம். இரண்டாவதைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறோம். துணி எடுப்பதற்குப் பத்துக் கடை ஏறி இறங்குகிறோம். பெண் எடுப்பதற்கும் கொடுப்பதற்கும் ஊர் ஊராக விசாரிக்கிறோம். ஆனால் நம் பிள்ளையின் வாயைத் திறந்து காட்டும் இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை விசாரிப்பதில்லை. ரயில் நிலையத்திலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் எந்தப் பலகை கண்ணில் பட்டதோ அங்கே நுழைகிறோம்.

இதற்குக் காரணம், வலி வந்த பிறகே பல் மருத்துவரை நினைக்கிறோம் என்பதுதான். வலியின் கொடுமையில் மனிதனுக்கு விசாரிக்கும் பொறுமை இராது. எங்கேயாவது, யாராவது, எப்படியாவது பிடுங்கிவிட்டால் போதும் என்றிருக்கும். ஆகவே நாம் வலியுறுத்தும் முதற்செய்தி இதுவே: வலி இல்லாத நாளில், நிதானமாக விசாரித்து, குடும்பம் முழுமைக்கும் ஒரு பல் மருத்துவரைத் தேர்ந்து வைத்துக்கொள்ளுங்கள்.

வாணியம்பாடி தந்த படிப்பினை

விசாரிக்காமல் இருப்பதனால் என்ன நேர்ந்துவிடும் என்று கேட்போருக்கு, நம் மாநிலத்திலேயே நடந்த ஒரு துயரத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வாணியம்பாடி நாம் அனைவரும் அறிந்த ஊர். மதரஸாக்களும் மார்க்க அறிஞர்களும் நிறைந்த ஊர். நம் ஜமாஅத்தில் அங்கே உறவினர் உள்ளோரும் உண்டு. 2022ஆம் ஆண்டு ஜூலை முதல் 2023ஆம் ஆண்டு ஏப்ரல் வரையிலான காலத்தில், தமிழகத்தின் வட மாவட்டங்களில் 21 பேருக்கு மூளையைத் தாக்கும் ஓர் அரிய கிருமித் தொற்று ஏற்பட்டது. நியூரோமெலியாய்டோசிஸ் என்பது அதன் பெயர். மண்ணிலும் நீரிலும் வாழும் ஒரு பாக்டீரியாவினால் வருவது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை, தமிழக அரசின் பொது சுகாதாரத் துறை, நமக்கு அருகே அயப்பாக்கத்தில் இயங்கும் ஐ.சி.எம்.ஆர். தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் ஆகியவற்றின் ஆய்வாளர்கள் இதனை ஆராய்ந்தார்கள். அந்த 21 பேரில் 10 பேர் வாணியம்பாடியில் இருந்த ஒரே பல் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றவர்கள் என்பது தெரியவந்தது. அந்தப் பத்துப் பேரில் 8 பேர் இறந்துபோனார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

காரணம் என்ன? சிகிச்சையின்போது வாயைக் கழுவப் பயன்படும் சலைன் பாட்டிலை, கிருமி நீக்கப்படாத அறுவைக் கருவி ஒன்றினால் திறந்திருக்கிறார்கள். பிறகு அதன் வாயைப் பஞ்சினால் தளர்வாக மூடி வைத்து, அடுத்தடுத்து வந்த நோயாளிகளுக்கும் அதையே பயன்படுத்தியிருக்கிறார்கள். இந்த ஆய்வு 2025ஆம் ஆண்டில் லான்செட் குழும மருத்துவ இதழ் ஒன்றில் வெளியாகி நாடெங்கும் பேசப்பட்டது.

ஒரு பாட்டில் சலைனின் விலை மிகச் சொற்பம். அந்தச் சொற்பத்தை மிச்சப்படுத்திய வழக்கத்தினால் எட்டுக் குடும்பங்கள் தங்கள் உறவுகளை இழந்தன. பல் வலி என்று போனவர்கள் அவர்கள். அவர்கள் செய்த தவறு எதுவும் இல்லை. மருத்துவர்கள் அனைவரையும் சந்தேகிக்க வேண்டும் என்பதற்காக இதனைச் சொல்லவில்லை. பிறர் மீது நல்லெண்ணம் கொள்வது நமக்குக் கடமை. மிகப் பெரும்பாலான பல் மருத்துவர்கள் பொறுப்புடன் பணியாற்றுகிறார்கள். ஆயினும் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்ட வேண்டும் என்பது நாயகம் (ஸல்) அவர்கள் காட்டித்தந்த வழி. கேட்க வேண்டியதைக் கேட்பது கட்டுவதில் சேர்ந்தது.

முதலாவது: தகுதி உள்ளவரா?

மருத்துவம் அறியாதவர் மருத்துவம் செய்து, அதனால் ஒருவருக்குத் தீங்கு நேர்ந்தால், செய்தவரே அதற்குப் பொறுப்பாளி ஆவார் என்ற கருத்தில் அமைந்த ஹதீஸ் அபூதாவூத், நஸாயீ, இப்னு மாஜா ஆகிய நூல்களில் உள்ளது. தகுதி இல்லாத கைக்கு நோயாளியை ஒப்படைக்கலாகாது என்பதற்கு நமது ஃபுகஹாக்கள் இதனை ஆதாரமாகக் கொள்கிறார்கள்.

நம் நாட்டில் பல் மருத்துவத்திற்கென 1948ஆம் ஆண்டில் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. அதற்கு முன்னர் தந்தையிடம் மகன் கற்றுத் தொழில் செய்வதே பெருவழக்கு. சென்னையின் மூத்த தலைமுறையினர் ‘சீனாக்காரப் பல் டாக்டர்’ என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அக்குடும்பங்களும் அவ்வாறே தொழில் பழகி, பிந்தைய தலைமுறையில் கல்லூரி சென்று பட்டம் பெற்றவர்கள். இன்று பட்டமும் பதிவும் இன்றி எவரும் பல் மருத்துவம் செய்ய முடியாது. பி.டி.எஸ். என்பது ஓராண்டுப் பயிற்சியும் சேர்த்து ஐந்தாண்டுப் படிப்பு. அதன்பின் மூன்றாண்டுகள் பயில்வது எம்.டி.எஸ். பட்டம் பெற்றவர் தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவு எண் சுவரில் மாட்டிய சான்றிதழிலோ, மருந்துச் சீட்டிலோ இருக்கும். மருத்துவமனையும் 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றிருக்க வேண்டும். இவற்றைக் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. தகுதி உடையவர் மகிழ்ச்சியோடு காட்டுவார்.

தெருவோரத்தில் அமர்ந்து பல் கட்டித் தருவோரிடமும், மருத்துவரிடம் உதவியாளராக இருந்துவிட்டுத் தாமே கடை திறந்தோரிடமும் குறைந்த காசுக்காகப் போகாதீர்கள். மலிவாகக் கட்டிய பல் ஈறைப் புண்ணாக்கி, பின்னர் பன்மடங்கு செலவு வைக்கும்.

இத்துறையில் நம் சமுதாயத்திற்கு ஒரு பெருமையும் உண்டு. இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை 1920ஆம் ஆண்டு கல்கத்தாவில் நிறுவியவர் டாக்டர் ரஃபியுத்தீன் அஹ்மத் அவர்கள். அலிகரில் பயின்று, அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் 1915இல் பல் மருத்துவப் பட்டம் பெற்று, 1919இல் தாயகம் திரும்பியவர். கல்லூரியை நடத்தப் பணம் இல்லாதபோது ஒரு குளிர்பானக் கடையை நடத்தி, அதன் வருமானத்தைக் கல்லூரிக்குச் செலவிட்டார். பின்னர் 1949இல் அக்கல்லூரியை அரசிடம் ஒப்படைத்தார். 1964இல் அவருக்கு பத்மபூஷண் விருது வழங்கப்பட்டது. இன்று அக்கல்லூரி அவர் பெயராலேயே வழங்குகிறது. நம் பிள்ளைகளில் அறிவியல் படிப்போர் இதனை நினைவில் கொள்ள வேண்டும்.

இரண்டாவது: தூய்மை உள்ள இடமா?

தரை பளபளப்பதும், குளிர்சாதனம் ஓடுவதும் தூய்மைக்கு அடையாளமாகிவிடாது. நஜீஸ் கண்ணுக்குத் தெரியாமலும் இருக்கும் என்பதைப் பிறரை விட நாம் நன்கு விளங்கியவர்கள். வாயினுள் சென்று இரத்தத்தில் தோய்ந்த கருவியை வெறும் தண்ணீரில் கழுவினால் போதாது, கொதிநீரில் இட்டாலும் போதாது. தண்ணீர் கொதிப்பது 100 டிகிரியில். அந்தச் சூட்டைத் தாங்கிப் பிழைக்கும் கிருமி வித்துகள் உண்டு. ஆகவே ஆட்டோகிளேவ் என்ற கருவி வேண்டும். நம் வீட்டு பிரஷர் குக்கரின் அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அழுத்தத்தில் நீராவியை 121 டிகிரிக்கும் அதற்கு மேலும் சூடேற்றிக் கிருமிகளை அழிப்பது அது. அதில் வைத்தெடுத்த கருவிகள் உறையிட்டு ஒட்டப்பட்டிருக்கும். உறையின் மீதுள்ள அடையாளம் சூடு பட்டதும் நிறம் மாறியிருக்கும்.

நீங்கள் கவனிக்க வேண்டியவை எளியவை. உங்களுக்கான கருவிகளை உங்கள் கண்முன் உறையைப் பிரித்து எடுக்கிறார்களா? மருத்துவர் ஒவ்வொரு நோயாளிக்கும் புதிய கையுறை அணிகிறாரா? ஊசி புதியதா? சலைன் பாட்டில் உங்கள் முன் திறக்கப்பட்டதா, முன்பே திறந்து பஞ்சு செருகி வைத்ததா? நாற்காலியும் அருகிலுள்ள தட்டும் ஒரு நோயாளி எழுந்த பின் துடைக்கப்படுகின்றனவா?

“டாக்டர், கருவிகளை ஆட்டோகிளேவில்தானே வைக்கிறீர்கள்?” என்று பணிவுடன் கேட்டுப் பாருங்கள். நல்ல மருத்துவர் கருவியைக் காட்டியே விளக்குவார். கேட்டதற்குக் கோபப்படுபவரிடம் ஸலாம் சொல்லி விடைபெறுவது நலம்.

மூன்றாவது: அமானிதம் பேணுபவரா?

ஆலோசனை கேட்கப்படுபவர் அமானிதம் ஒப்படைக்கப்பட்டவர் என்பது நமக்கு போதிக்கப்பட்ட பண்பாகும். நம் வாயினுள் என்ன இருக்கிறது என்பதை நாம் பார்க்க முடியாது. மருத்துவர் சொல்வதுதான் நமக்குச் செய்தி. ஆகையால் உண்மையைச் சொல்பவராக அவர் இருக்க வேண்டும்.

அப்படிப்பட்டவரை அறிவது எவ்வாறு? பல்லைப் பார்த்தவுடன் பிடுங்கச் சொல்லாமல், காக்க வழி உண்டா என்று முதலில் ஆராய்வார். எக்ஸ்ரே எடுத்தால் அதனை நமக்கும் காட்டிச் சொத்தை எவ்வளவு ஆழம் என்று விளக்குவார். சிமெண்ட் அடைத்தால் போதுமா, ரூட் கேனால் வேண்டுமா, அதன் மேல் கேப் போட வேண்டுமா, எத்தனை முறை வர வேண்டும், மொத்தச் செலவு எவ்வளவு என்பதை முன்கூட்டியே எழுதித் தருவார். இன்றே செய்தாக வேண்டியது எது, ஆறு மாதம் பொறுக்கக்கூடியது எது என்று பிரித்துச் சொல்வார். பெரிய செலவுள்ள சிகிச்சைக்கு இன்னொரு மருத்துவரின் கருத்தையும் கேட்டுவிட்டு வருகிறோம் என்று நாம் சொன்னால் முகம் சுளிக்கமாட்டார். தம்மால் இயலாததை எம்.டி.எஸ். படித்த சிறப்பு மருத்துவரிடம் அனுப்பிவைப்பார்.

“இலவசப் பரிசோதனை”, “இன்று மட்டும் பாதி விலை” என்னும் விளம்பரங்களை மட்டும் நம்பிப் போகாதீர்கள். பல் வலியே இல்லாத ஒருவருக்கு ஒரே அமர்வில் ஆறு பற்களுக்கு ரூட் கேனால் வேண்டும் என்று சொல்லப்பட்டால், பணம் கட்டுமுன் வேறோர் இடத்திலும் காட்டுங்கள்.

அதே வேளையில், நோயாளிக்கும் அமானிதம் உண்டு. சர்க்கரை, இரத்த அழுத்தம், இருதய நோய், இரத்தம் உறையாமலிருக்க உண்ணும் மாத்திரை, ஒவ்வாத மருந்து, கர்ப்பம் ஆகிய எதனையும் மறைக்கலாகாது. புகைப்பதையும் ஹான்ஸ் போடுவதையும் வாப்பா பக்கத்தில் இருக்கிறார் என்பதற்காக மறைக்கும் வாலிபர்களும் இதனைக் கேட்டுக்கொள்ளட்டும்.

குடும்பம் முழுமைக்கும் ஒருவர் ஏன்?

பால்குடிப் பிள்ளை முதல் பல்செட் அணிந்த பாட்டனார் வரை ஒரே மருத்துவரிடம் காட்டிவந்தால், குடும்பத்தின் வரலாறு அவர் கையில் இருக்கும். தாய்க்கு ஈறு நோய் இருப்பதை அறிந்தவர் மகளையும் முன்கூட்டியே கவனிப்பார். தந்தைக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்தவர் அதற்கேற்ப மருந்து தருவார். சர்க்கரை நோய் ஈறைக் கெடுக்கும், ஈறு கெட்டால் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது கடினமாகும் என்பதை மருத்துவ உலகம் உறுதிப்படுத்தியுள்ளது. ஆகவே நம் பெரியவர்களுக்குப் பல் மருத்துவர் இன்றியமையாதவர்.

பிள்ளைகளின் விஷயத்தில் தாய்மார்கள் மூன்று செய்திகளை நினைவில் இருத்துங்கள். ஒன்று, முதல் பல் முளைத்து, ஒரு வயது நிறைவதற்குள் ஒருமுறை காட்டிவிட வேண்டும். இரண்டு, பால் புட்டியை வாயில் வைத்தபடி உறங்கவிடலாகாது. இரவு முழுவதும் பல்லில் தங்கும் பாலும் சர்க்கரையும் முன்பற்களை அரித்துவிடும். மூன்று, ஏறத்தாழ ஆறு வயதில், பால்பற்களுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலேயே ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும். அது நிலையான பல். பால்பல் என்றெண்ணி, விழுந்து முளைத்துவிடும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அது போனால் மீண்டும் முளைக்காது. பால்பற்களையும் எப்படியும் விழப்போவதுதானே என்று அலட்சியம் செய்யாதீர்கள். பின்னால் வரும் பல்லுக்கு இடம் பிடித்து வைப்பவை அவையே.

பிள்ளையை முதன்முதலில் வலியோடு அழைத்துச் செல்லாதீர்கள். வலியில்லாத நாளில் நாற்காலியில் உட்கார வைத்து, பல்லை எண்ணிப் பார்த்துவிட்டு வந்தால் அச்சம் தங்காது. “சேட்டை செய்தால் டாக்டரிடம் ஊசி போடச் சொல்வேன்” என்று மிரட்டும் வழக்கத்தையும் விட்டுவிடுவோம்.

கருவுற்ற தாய்மார்கள் பல் சிகிச்சையே கூடாது என்று எண்ணி வலியைப் பொறுத்துக்கொள்வதுண்டு. பேறுகால மருத்துவரிடமும் கலந்து, நான்காம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரையிலான காலத்தில் தேவையான சிகிச்சையைப் பெறலாம்.

மேல்பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும், க்ளீனிங் செய்தால் பல் ஆடிவிடும் என்று நம் வீடுகளில் இன்றும் சொல்வார்கள். இரண்டும் உண்மையல்ல. பல்லைப் பிடித்திருந்த காறை நீங்கியதும், முன்பே தளர்ந்திருந்த பல் நமக்குத் தெரியவருகிறது, அவ்வளவே. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஸ்பெயின் நாட்டின் குர்துபாவில் வாழ்ந்த அறுவை மருத்துவர் அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி (ரஹ்) அவர்கள், தமது ‘தஸ்ரீஃப்’ என்ற நூலில் பல் காறையைச் சுரண்டும் கருவிகளைப் படம் வரைந்தே விளக்கியிருக்கிறார்கள். ஆடும் பற்களைப் பொற்கம்பியால் பிணைக்கும் முறையையும் எழுதியுள்ளார்கள். நம் முன்னோர் வளர்த்த கலையைக் கண்டு நாமே அஞ்சுவது முறையா?

நம்மவரா, பிறரா? ஆணா, பெண்ணா?

முஸ்லிம் மருத்துவரிடம்தான் செல்ல வேண்டுமா என்று கேட்கிறார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் ஹிஜ்ரத்தின்போது வழிகாட்டியாக அமர்த்திக்கொண்டவர் அன்று இஸ்லாத்தை ஏற்றிராதவர். வழியை அறிந்தவர், நம்பிக்கைக்குரியவர் என்பதற்காகவே அவரைத் தேர்ந்தார்கள். மருத்துவரிடம் பார்க்க வேண்டியதும் தேர்ச்சியும் நம்பகமுமே. நம்மவர் என்ற ஒன்றுக்காகவே தேர்ச்சி குறைந்தவரிடம் செல்ல வேண்டியதில்லை. பிற சமயத்தவர் என்பதற்காக நல்ல மருத்துவரை ஒதுக்க வேண்டியதும் இல்லை.

பெண்களுக்குப் பெண் மருத்துவரே சிறப்பு. இன்று பல் மருத்துவம் பயின்ற பெண்கள் நிறைய இருப்பதால் நம் பகுதியில் இது கடினமன்று. தேவையான சிகிச்சைக்குத் தகுதியான பெண் மருத்துவர் கிடைக்காவிடில், மஹ்ரமான ஒருவரோ நம்பிக்கையான பெண்ணோ உடனிருக்க, ஆண் மருத்துவரிடம் சிகிச்சை பெறுவதற்கு அனுமதி உண்டு. ஆண் மருத்துவர் என்பதைக் காரணம் காட்டி, மனைவியையும் தாயையும் மாதக்கணக்கில் வலியில் விட்டுவைப்பது பேணுதல் ஆகாது.

வசதி குறைந்தோர் என் செய்வது?

நம் ஜமாஅத்தில் பலர் அம்பத்தூர் எஸ்டேட்டிலும் பாடியிலும் தொழிற்கூடங்களில் உழைப்போர். தனியார் கட்டணம் சிலருக்கு எட்டாது. அல்ஹம்துலில்லாஹ், நம் மேற்குப் புறநகரைச் சுற்றிப் பல் மருத்துவக் கல்லூரிகள் பல உள்ளன. முகப்பேர் கோல்டன் ஜார்ஜ் நகரில் தாய் மூகாம்பிகை பல் மருத்துவக் கல்லூரியும், மதுரவாயலில் மீனாட்சி அம்மாள் பல் மருத்துவக் கல்லூரியும், வேலப்பஞ்சாவடியில் சவீதா பல் மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. கொரட்டூரில் மின்சார ரயிலேறிச் சென்ட்ரலில் இறங்கினால், கோட்டை ரயில் நிலையத்திற்கு அருகே அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அது 1953ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகத் தொடங்கப்பட்டது.

கல்லூரிகளில் பேராசிரியர்களின் மேற்பார்வையில் மாணவர்கள் சிகிச்சை அளிப்பார்கள். கட்டணம் குறைவு, நேரம் அதிகம் ஆகும். ஒரு நாள் வேலையை விட்டுச் செல்ல வேண்டியிருக்கும். எல்லாத் துறையினரும் ஒரே கூரையின்கீழ் இருப்பது அங்கே கிடைக்கும் அனுகூலம். ஈ.எஸ்.ஐ. அட்டை உள்ளோர், பல் சிகிச்சைக்கு எங்கே அனுப்புவார்கள் என்று தங்கள் மருந்தகத்தில் கேட்டறியுங்கள். நீங்கள் மாதந்தோறும் செலுத்தும் தொகைக்கு உரிய உரிமை அது.

அடிக்கடி கேட்கப்படும் சில மஸ்அலாக்கள்

பல்லில் அடைத்த சிமெண்டும், கழற்ற முடியாத கேப்பும் குளிப்புக் கடமையை நிறைவேற்றத் தடையாகாது. கழற்றி மாட்டும் பல்செட்டை, வாய் கொப்பளிப்பதைக் குளிப்பில் ஃபர்ளாகக் கொள்ளும் ஹனஃபி மத்ஹபினர், கடமையான குளிப்பின்போது கழற்றிவிட வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபில் வாய் கொப்பளிப்பது சுன்னத்து.

பல் பிடுங்கியபின் கசியும் இரத்தம் உமிழ்நீருக்குச் சமமாகவோ மிகுதியாகவோ இருந்தால் ஹனஃபி மத்ஹபில் வுளூ முறியும். ஷாஃபிஈ மத்ஹபில் முறியாது. எனினும் வாயைக் கழுவித் தூய்மை செய்ய வேண்டும்.

நோன்பில் மரத்துப்போகும் ஊசி போடுவதனாலோ பல் பிடுங்குவதனாலோ நோன்பு முறியாது என்பது இக்கால அறிஞர்களின் கருத்து. தண்ணீரோ இரத்தமோ மருந்தோ தொண்டைக்குள் இறங்கிவிடும் அச்சம் இருப்பதால், அவசரமில்லாத சிகிச்சையை இரவுக்கு வைத்துக்கொள்வது பேணுதல்.

கோணலான பல்லைக் கிளிப் போட்டுச் சீராக்குவது குறையை நீக்கும் சிகிச்சை. அதற்கு அனுமதி உண்டு. அழகுக்காக மட்டும் நல்ல பல்லை அராவி இடைவெளி உண்டாக்குவதுதான் ஹதீஸில் கண்டிக்கப்பட்டது.

எலும்பு குறைந்த இடத்தில் வைக்கும் எலும்புத் துகளும் சவ்வும் சில வேளைகளில் மாடு அல்லது பன்றியிலிருந்து எடுக்கப்படுகின்றன. இம்ப்ளான்ட் போன்ற சிகிச்சைக்கு முன் மருத்துவரிடம் இதனைக் கேட்டு, மாற்றுப் பொருளைக் கோருங்கள். ஆல்கஹால் கலவாத வாய் கொப்பளிக்கும் மருந்தும் கிடைக்கிறது.

நிறைவாக

கண்ணியத்திற்குரிய ஜமாஅத்தார்களே! எதிர்வரும் ரமளானுக்கு முன் ஒவ்வொரு குடும்பத்தாரும் இந்த ஒரு காரியத்தைச் செய்ய வேண்டுகிறோம். அண்டை வீட்டாரிடமும், நம்பிக்கையான குடும்ப மருத்துவரிடமும் விசாரியுங்கள். இரண்டு, மூன்று பெயர்களைக் குறித்துக்கொண்டு, வலி இல்லாத ஒரு மாலைப்பொழுதில் நேரில் சென்று பாருங்கள். தகுதி, தூய்மை, அமானிதம் ஆகிய மூன்றையும் கவனியுங்கள். மனம் நிறைந்த இடத்தில் குடும்பத்தார் அனைவரின் பெயரையும் பதிந்து, மருத்துவர் சொல்லும் இடைவெளியில் தவறாமல் காட்டி வாருங்கள். அவரது தொலைபேசி எண்ணைச் சமையலறைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். நல்ல மருத்துவரை அறிந்தவர்கள், அறியாதவர்களுக்குச் சொல்லுங்கள். அதுவும் ஒரு ஸதக்காவே.

உடலும் நமக்கு அளிக்கப்பட்ட அமானிதம். அதனை எவரிடம் ஒப்படைக்கிறோம் என்பதும் நாளை விசாரிக்கப்படும் பொறுப்பு. வாணியம்பாடியில் உயிர்நீத்தோரின் குடும்பத்தாருக்கு அல்லாஹ் அழகிய பொறுமையைத் தந்தருள்வானாக! நோயுற்ற நம் அனைவருக்கும் பூரண ஷிஃபாவை வழங்குவானாக! மருத்துவர்களின் கரங்களில் பரக்கத்தையும் உள்ளங்களில் தக்வாவையும் அளிப்பானாக! அவன் வேதத்தை ஓதும் நம் நாவையும் வாயையும் தூய்மையாக வைத்திருக்க நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக!

ஆமீன், யாரப்பல் ஆலமீன். வஸ்ஸலாம்.